வண்டி நின்றால் முதலில் எதைப் பார்ப்பது?
எரிபொருள் பம்பின் பழுதும் உதிரி பாகத் தேர்வும்

1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் நம் நாட்டில் சமுதாய நலத் திட்டம் தொடங்கப்பெற்ற காலத்தில், வட்டாரத்திற்கு வந்த ஜீப் வண்டி கிராமத்தாருக்குப் பெரும் புதுமையாக இருந்தது. இன்றோ நிலைமை முற்றிலும் மாறிவிட்டது. வேலூர், குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் மோட்டார் வண்டி இல்லாத கிராமமே இல்லை. நிலம் வைத்திருப்போர் பலர் பழைய பெட்ரோல் வேன் ஒன்றையும் வாங்கி வைத்துள்ளனர். காலையில் அது காலணித் தொழிற்சாலைக்குப் பெண் தொழிலாளர்களை ஏற்றிச் செல்கிறது. நண்பகலில் தக்காளியையும் பூவையும் சந்தைக்குக் கொண்டு போகிறது. இரவில் நோயுற்றவரை வேலூர் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும் அதுவே உதவுகிறது. அத்தகைய வண்டி வழியில் நின்றுவிட்டால், அதன் உரிமையாளருக்கு மட்டுமன்றி, அதனை நம்பியிருக்கும் பல குடும்பங்களுக்கும் அன்றைய கூலி போய்விடுகிறது. ஆகவே வண்டி நிற்பதற்குரிய காரணங்களுள் முக்கியமான ஒன்றைப் பற்றி ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் தெளிவாக அறிந்துகொள்ளுதல் நலம்.

நாம் கண்ட ஒரு நிகழ்ச்சி

மாதனூர்ப் பக்கத்தில் விவசாயி ஒருவர் பழைய வேன் ஒன்றை ஓட்டிவருகிறார். சென்ற கோடையில் அவருடைய வேன் ஆம்பூருக்குச் செல்லும் வழியில், தேசிய நெடுஞ்சாலையில், அடிக்கடி நின்றது. புறப்பட்ட இருபது நிமிடங்களுக்குப் பிறகு இழுவை குறையும், வண்டி குலுங்கும், பின்னர் நின்றுவிடும். அரைமணி நேரம் ஓய்ந்தால் மீண்டும் ஓடும். வண்டியில் வந்த பெண்கள் நேரங்கழித்துச் சென்றதால் அரைநாட் கூலியை இழந்தனர்.

பட்டறையில் காட்டியபோது, 'பெட்ரோல் பம்ப் போய்விட்டது' என்று ஒரே சொல்லில் முடிவு கூறப்பட்டது. புதிய பம்ப் போடப்பட்டது. ஒரு வாரம் வண்டி நன்றாக ஓடியது. பிறகு பழைய கதையே. 'வந்த பம்ப் சரியில்லை' என்று கூறி இரண்டாவது பம்பும் போடப்பட்டது. அதுவும் பத்து நாட்களே தாங்கியது. ஏறத்தாழ ஒரு போகத்தின் உரச்செலவு இவ்வாறு வீணாயிற்று.

முடிவில், வயது முதிர்ந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் மல்டிமீட்டரைக் கொண்டு சோதித்தார். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட் இருந்தது. பம்பின் முனைகளில் 9 வோல்ட்டே இருந்தது. இடையில் 5 வோல்ட் எங்கே போயிற்று? பம்பிலிருந்து வரும் கறுப்புக் கம்பி, வண்டியின் அடிச்சட்டத்தில் ஒரு திருகாணியால் பிணைக்கப்பட்டிருந்தது. அவ்விடம் பச்சையும் வெண்மையுமாகப் பூத்துக் கிடந்தது. அந்த வேன் முன்பு தோல் மண்டிக்கு உப்புத்தோல் ஏற்றிய வண்டி. தோலினின்றும் கசிந்த உப்புநீர் பல ஆண்டுகளாக அடிச்சட்டத்தை அரித்திருக்கின்றது. உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்து, திருகாணியை மாற்றி இறுக்கியதும் குறை தீர்ந்தது. செலவு நூறு ரூபாய்க்கும் குறைவு. கழற்றப்பட்ட முதல் பம்பும் நல்ல பம்பே என்பது பின்னர் தெரிந்தது. ஒவ்வொரு முறை பம்பை மாற்றியபோதும் அக்கம்பி அசைக்கப்பட்டதால் துரு சற்று உராய்ந்து, சில நாட்களுக்கு மின்சாரம் சரியாகப் பாய்ந்துள்ளது. அதனையே பம்பின் நற்பயன் என எல்லோரும் மயங்கிவிட்டனர்.

சோதித்து அறிந்த பின்னரே பாகத்தை மாற்றவேண்டும் என்பதே இந்நிகழ்ச்சி கற்பிக்கும் பாடம். சோதிக்கும் முறையை இனிக் காண்போம்.

பம்பின் வேலை என்ன?

டாங்கியில் உள்ள எரிபொருளை எஞ்சினுக்கு, உரிய அளவிலும் உரிய அழுத்தத்திலும் அனுப்புவதே பம்பின் வேலை. இதில் மூன்று வகைகளை நம் பகுதியில் காணலாம்.

முதலாவது, பழைய ஜீப், அம்பாசிடர் போன்ற கார்புரேட்டர் வண்டிகளில் எஞ்சினின் பக்கத்தில் பொருத்தப்பட்டிருந்த பம்ப். பழைய டிரைவர்கள் இதனை 'ஏ.சி. பம்ப்' என்பர். எஞ்சின் சுழலும்போது ஒரு நெம்புகோல் உள்ளிருக்கும் சவ்வை மேலும் கீழும் அசைக்க, பெட்ரோல் உறிஞ்சப்படும். இதன் அழுத்தம் மிகக் குறைவு. சவ்வு கிழிந்தால் பெட்ரோல் எஞ்சின் எண்ணெயில் கலக்கும். அளவுக்கோலை எடுத்து முகர்ந்தால் பெட்ரோல் வாசனை வீசும். எண்ணெயின் மட்டமும் உயர்ந்திருக்கும். அந்த நிலையில் எஞ்சினை ஓட்டவே கூடாது. எண்ணெயையும் மாற்றியாக வேண்டும்.

இரண்டாவது, இக்காலத்துப் பெட்ரோல் வண்டிகளில் டாங்கிக்குள்ளேயே மூழ்கியிருக்கும் மின்சாரப் பம்ப். சாவியைத் திருப்பியதும் ஒரு சிறு மோட்டார் சுழன்று, சல்லடை வழியே பெட்ரோலை இழுத்து, வடிகட்டி வழியே எஞ்சினுக்கு அனுப்புகிறது. பெரும்பாலான வண்டிகளில் இதன் அழுத்தம் ஏறத்தாழ 3 முதல் 4 பார் வரை இருக்கும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்றைப்போல் ஒன்றரை மடங்கு முதல் இரு மடங்கு என்று கொள்ளலாம். இப்பம்பு, தான் மூழ்கியிருக்கும் பெட்ரோலினாலேயே குளிர்ச்சி பெறுகிறது. எனவே டாங்கியின் அடிமட்டத்தில் பெட்ரோல் இருக்கும்போதே நாள்தோறும் ஓட்டுவது பம்பைச் சூடாக்கி அதன் ஆயுளைக் குறைக்கும். வேலூர் வெயிலில் இதனைச் சொல்லவும் வேண்டுமோ! கால் டாங்கிக்குக் குறையாமல் வைத்திருப்பது நல்ல வழக்கமாகும்.

மூன்றாவது, டிராக்டரிலும் டீசல் ஜீப்பிலும் உள்ள ஏற்றுப் பம்பும் உயர் அழுத்தப் பம்பும். டிராக்டர் நின்றால், பெரும்பாலும் குழாயில் காற்றுப் புகுந்திருத்தல், வடிகட்டி அடைத்தல், டீசலில் நீர் கலத்தல் ஆகியவையே காரணமாக இருக்கும். வடிகட்டியின் அடியில் தேங்கிய நீரை வெளியேற்றி, கைப்பம்பால் காற்றை நீக்கிப் பார்த்த பிறகே உயர் அழுத்தப் பம்பைப் பற்றி நினைக்கவேண்டும். அதனைப் பிரித்துச் சரிசெய்தல் அதற்கெனக் கருவிகள் உள்ள பட்டறைக்கே உரியது.

இனி, பெரும்பாலோரிடம் உள்ள இரண்டாம் வகையைப் பற்றியே விரிவாகக் கூறுவோம்.

பழுதின் அறிகுறிகள்

பம்ப் தளர்ந்துவருகிறது என்பதற்குச் சில அடையாளங்கள் உண்டு. ஸ்டார்ட்டரை நெடுநேரம் சுழற்றிய பின்னரே எஞ்சின் பிடிக்கும். மேட்டில் ஏறும்போதும் பாரம் ஏற்றியபோதும் இழுவை குறையும். டாங்கியின் பக்கம் வண்டின் ரீங்காரம்போல் ஓசை மிகும். சூடேறியதும் நின்று, ஆறியதும் ஓடும். முடிவில் ஒருநாள் அறவே நின்றுவிடும்.

ஆயின் இவ்வறிகுறிகள் யாவும் வேறு குறைகளாலும் உண்டாகலாம் என்பதை மறத்தலாகாது. அடைத்த வடிகட்டியும் இழுவையைக் குறைக்கும். எஞ்சினின் சுழற்சியை அறியும் சென்ஸார் சூட்டினால் கெட்டாலும், வண்டி ஆறியபின் ஓடும். காய்ச்சல் ஒன்றாயினும் நோய் பலவாதல் போன்றது இது.

சோதிக்கும் வரிசை

செலவில்லாத சோதனையை முதலிலும், செலவுள்ளதைப் பின்னரும் செய்தல் முறை.

1. டாங்கியில் எரிபொருள் உண்டா என்று பாருங்கள். முள் காட்டுவதை நம்பவேண்டாம். முள்ளும் பொய் சொல்லும். ஐந்து லிட்டர் ஊற்றிப் பார்ப்பது எளிது.

2. சாவியை ஒரு படி மட்டும் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல், டாங்கியின் அருகே காதை வைத்துக் கேளுங்கள். பெரும்பாலான வண்டிகளில் ஏறத்தாழ இரண்டு விநாடி மெல்லிய இரைச்சல் கேட்கும். கேட்டால், பம்பிற்கு மின்சாரம் செல்கிறது, மோட்டார் சுழல்கிறது என்று பொருள். ஆனால் போதிய அழுத்தம் தருகிறதா என்பது இதனால் தெரியாது.

3. இரைச்சல் இல்லையெனில் பியூஸையும் ரிலேயையும் பாருங்கள். அதே வகையைச் சேர்ந்த வேறொரு ரிலேயை இடம் மாற்றிப் பார்க்கலாம். பியூஸ் எரிந்திருந்தால் அதே ஆம்பியர் அளவுள்ளதையே போடவேண்டும். கம்பியைச் சுற்றிப் போடுதல் வண்டிக்குத் தீ வைப்பதாகும். புதிய பியூஸும் உடனே எரிந்தால், கம்பிகள் ஒன்றையொன்று தொடுகின்றன, அல்லது பம்பின் மோட்டார் இறுகிவிட்டது என்று அறியலாம்.

4. பம்ப் இணைப்பில் வோல்ட் அளவைப் பாருங்கள். இணைப்பு மாட்டியிருக்கும்போதே, பம்ப் வேலை செய்கையிலேயே அளக்கவேண்டும். கழற்றி வைத்து அளந்தால், துருப்பிடித்த கம்பியும் முழு வோல்ட்டைக் காட்டி ஏமாற்றும். பேட்டரியின் அளவுக்கும் பம்பின் அளவுக்கும் ஒரு வோல்ட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தால், குறை பெரும்பாலும் கம்பியிலோ இணைப்பிலோ இருக்கும். மேலே கூறிய மாதனூர் வேனின் குறை இந்தச் சோதனையில்தான் அகப்பட்டது. வண்டியைப் பற்றிய கையேட்டில் வேறு அளவு கூறப்பட்டிருந்தால் அதனையே பின்பற்றுக.

5. அழுத்தமானியைப் பொருத்திப் பாருங்கள். இது பட்டறையில் செய்யவேண்டியது. கையேட்டில் உள்ள அழுத்தம் வருகிறதா, எஞ்சினை முடுக்கும்போது நிலைத்து நிற்கிறதா, நிறுத்திய பின் சில நிமிடங்கள் குறையாமல் இருக்கிறதா என மூன்றையும் பார்க்கவேண்டும். நிறுத்தியதும் அழுத்தம் விழுந்துவிட்டால் பம்பின் தடுப்பு வால்வோ, அழுத்தச் சீராக்கியோ, இன்ஜெக்டரோ கசியலாம்.

6. மின்சாரம் சரியாக இருந்தும் அழுத்தம் குறைந்தால், வடிகட்டியையும் சல்லடையையும் பாருங்கள். டாங்கியின் அடியில் வண்டல் இருந்தால் புதிய பம்பும் சில மாதங்களிலேயே கெடும். இவை சுத்தமாக இருந்து, சீராக்கியும் குழாயும் குறையற்றவையாக இருந்தால், அப்பொழுதே 'பம்ப் கெட்டது' என்று முடிவு கூறலாம்.

7. அழுத்தம் சரியாக இருந்தும் வண்டி ஓடவில்லையெனில் குறை பம்பில் இல்லை. பற்றவைக்கும் பொறியையும், மேலே கூறிய சென்ஸாரையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

பட்டறைக்காரர் 'பம்ப் போய்விட்டது' என்றால், 'எத்தனை வோல்ட் வந்தது? எவ்வளவு அழுத்தம் காட்டிற்று?' என்ற இரு கேள்விகளைக் கேளுங்கள். விடை சொல்ல இயலாதவர் சோதிக்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

உயிருக்கு ஆபத்து

பெட்ரோல் ஆவி கண்ணுக்குத் தெரியாது. காற்றைவிடக் கனமானதாகையால் தரையில் படிந்து, பள்ளத்தில் தேங்கும். சிறு பொறி பட்டாலும் தீப்பிடிக்கும். ஆதலால் டாங்கியைத் திறக்கும் வேலையைக் காற்றோட்டமான வெளியிடத்தில் செய்யவேண்டும். பழுது பார்க்கும் குழிமீது வண்டியை நிறுத்திச் செய்யலாகாது. அருகில் பீடி, அடுப்பு, வெல்டிங் வேலை எதுவும் கூடாது. முதலில் பம்பின் பியூஸை எடுத்துவிட்டு எஞ்சினைத் தானே நிற்கும்வரை ஓடவிட்டால் குழாயின் அழுத்தம் குறையும். பின்னர் பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். உலர்பொடித் தீயணைப்பான் பக்கத்தில் இருத்தல் அவசியம்.

வாயால் உறிஞ்சிப் பெட்ரோல் எடுக்கும் வழக்கத்தை அறவே விட்டொழிக்கவேண்டும். ஒரு மிடறு நுரையீரலுக்குள் சென்றாலும் உயிருக்கே ஆபத்து. புதிய டீசல் வண்டிகளில் எஞ்சின் ஓடும்போது உயர் அழுத்தக் குழாயைத் தளர்த்தினால், பீறிடும் டீசல் ஊசிபோல் தோலைத் துளைத்து உட்செல்லும். அங்ஙனம் நேர்ந்தால், காயம் சிறியதாகத் தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

உதிரி பாகத்தைத் தேர்ந்தெடுத்தல்

பம்ப் கெட்டது உறுதியான பின்னர், எதை வாங்குவது என்ற கேள்வி எழுகின்றது. நம் பகுதியினர் கிழக்கே சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கும், மேற்கே பெங்களூரு ஜே.சி. சாலைக்கும் செல்வதுண்டு. எங்கே வாங்கினாலும் பின்வருவனவற்றைக் கவனித்தல் வேண்டும்.

வண்டியின் பெயரை மட்டும் சொல்லி வாங்கக்கூடாது. ஒரே பெயருள்ள வண்டியில் ஆண்டுக்கு ஆண்டு பம்ப் மாறியிருக்கும். பதிவுச் சான்றிதழில் உள்ள சேசிஸ் எண்ணையும், பழைய பம்பில் பொறித்துள்ள பாக எண்ணையும் எழுதிக்கொண்டு சென்று ஒப்பிட்டுப் பார்த்து வாங்கவேண்டும்.

மோட்டாரை மட்டும் வாங்குவதா, மிதவையும் சீராக்கியும் சேர்ந்த முழுத் தொகுதியை வாங்குவதா என்பது அடுத்த கேள்வி. மற்ற பாகங்கள் நன்றாக இருந்து, அதே அழுத்தமும் அதே பாய்வும் உள்ள மோட்டார் கிடைத்தால் மோட்டார் மட்டுமே போதும். தொகுதியின் உடல் வெடித்திருந்தாலும், பெட்ரோல் முள் பிழையாகக் காட்டினாலும் முழுத் தொகுதியை வாங்குவதே முடிவில் சிக்கனம். 'இது கூடுதல் அழுத்தம் தரும்' என்று கூறப்படும் பம்பை விரும்பவேண்டாம். எஞ்சினுக்கு வேண்டியது உரிய அழுத்தமேயன்றி மிகுந்த அழுத்தமன்று.

பம்போடு சல்லடை, டாங்கி வாயின் ரப்பர் வளையம், வடிகட்டி ஆகியவற்றையும் மாற்றுதல் நன்று. பழைய வளையத்தை மீண்டும் போட்டால் பெட்ரோல் ஆவி வண்டிக்குள் கசியும்.

இங்கே நம் தோல் நாட்டுக்கே உரிய ஓர் எச்சரிக்கை. வாஷர் கிடைக்காதபோது தோல் துண்டை வெட்டிப் போடும் கைவேலை நம்மவர்க்குப் பழக்கம். ஊர்க் கைப்பம்பில் அது தவறன்று. 1970-களில் உருவான இந்தியா மார்க் 2 கைப்பம்பில் தோல் வாஷரே முதலில் பயன்பட்டது. நீர் தோலை ஊறவைத்து மென்மையாக வைக்கும். பெட்ரோலோ தோலில் ஏற்றப்பட்ட எண்ணெயைக் கரைத்துவிடும். தோல் பதனிடும் தொழிலாளர் இதனை நன்கறிவர். எண்ணெய் போன தோல் விறைத்துச் சுருங்கும். ஆகவே பெட்ரோல் பம்பில் தோலுக்கு இடமில்லை.

எத்தனால் கலந்த பெட்ரோலே இப்பொழுது விற்கப்படுகிறது. 2023-இல் தொடங்கிய 20 சதவீதக் கலப்பு 2025-இல் நாடெங்கும் பரவிவிட்டது. பழைய வண்டிகளின் சில ரப்பர் பாகங்களுக்கு இது ஒத்துக்கொள்வதில்லை. எனவே புதிய குழாய், வளையம், பம்ப் ஆகியவை இக்கலப்பிற்கு ஏற்றவையா என்று கேட்டு வாங்குக. எத்தனால் ஈரத்தை இழுக்கும் தன்மையுடையதாகையால், டாங்கி மூடி இறுக்கமாக இருத்தலும் முக்கியம்.

பழைய வண்டியிலிருந்து கழற்றிய பம்பை விலை மலிவு கருதி வாங்குதல் வேண்டாம். கதவும் கண்ணாடியும் அவ்வாறு வாங்கலாம். எவ்வளவு காலம் உழைத்ததென்று தெரியாத பம்பை வாங்குவது பயனற்றது. பெட்டியிலுள்ள அச்சுப்பிழை, கிழிந்த முத்திரை, அச்சிட்ட விலையில் பாதிக்குத் தருவதாகக் கூறுதல் ஆகியவை போலிச் சரக்கின் அடையாளங்களாகும்.

நிறுவனமே இலவசமாக மாற்றித் தரும் பம்ப்

பணம் கொடுப்பதற்கு முன் பார்க்கவேண்டியது இன்னும் ஒன்றுண்டு. தயாரிப்பிலேயே குறையுள்ள பம்புகளை நிறுவனங்கள் திரும்பப் பெற்று இலவசமாக மாற்றித் தருகின்றன. 2020 ஜூன் மாதத்தில் ஹோண்டா நிறுவனம் 2018-இல் செய்யப்பட்ட 65,651 கார்களுக்கும், அடுத்த மாதம் மாருதி சுசூகி நிறுவனம் வேகன்-ஆர், பெலினோ வகைகளில் 1,34,885 கார்களுக்கும் இவ்வாறு அறிவித்தன. 2024 மார்ச்சில் மாருதி மேலும் 16,041 கார்களுக்கு இதே அறிவிப்பைச் செய்தது. அவ்வாண்டு அக்டோபரில் ஹோண்டா 90,468 கார்களுக்கு அறிவித்தபோது, ஏற்கெனவே உதிரி பாகமாக அதே பம்பைப் போட்டுக்கொண்ட 2,204 பழைய கார்களையும் சேர்த்துக்கொண்டது. புதிதாக வாங்கிய பம்பும் குறையுள்ளதாக இருக்கக்கூடும் என்பதற்கு இது சான்று. ஹோண்டா கார்களில் பம்பின் உள்ளே சுழலும் சிறு சக்கரத்தில் இருந்த குறையே எஞ்சின் நிற்பதற்கு ஏதுவாயிற்று.

பழைய வண்டியை இரண்டாம் கையாகவோ மூன்றாம் கையாகவோ வாங்கியவருக்கு நிறுவனத்தின் கடிதம் வந்து சேராது. ஆயினும் நிறுவனத்தின் இணையதளத்திலோ, அங்கீகாரம் பெற்ற சேவை நிலையத்திலோ சேசிஸ் எண்ணைக் கொடுத்தால் தம் வண்டி பட்டியலில் உள்ளதா என்று எவரும் அறியலாம். 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறுமாறு ஆணையிடும் அதிகாரத்தையும் மத்திய அரசுக்கு அளித்துள்ளது.

ஊராட்சியின் கடமை

ஊராட்சி வண்டிகளுக்கும் இம்முறையே பொருந்தும். அது பொதுமக்கள் பணமாதலால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். பழுதுச் செலவிற்கு ஒப்புதல் கேட்கும்போது, சோதித்த வோல்ட் அளவும் அழுத்தமும் எழுதிய குறிப்பு பில்லுடன் இணைக்கப்பட்டுள்ளதா என்று உறுப்பினர்கள் பார்க்கவேண்டும். கழற்றிய பழைய பாகத்தைத் திரும்பப் பெற்று இருப்புப் பதிவேட்டில் எழுதவேண்டும். பாக எண், மாற்றிய நாள், அன்றைய கிலோமீட்டர் ஆகிய மூன்றும் வண்டியின் குறிப்பேட்டில் இடம் பெறுதல் அவசியம்.

தனி மனிதர்களும் ஜி.எஸ்.டி. எண்ணுள்ள பில்லும் உத்தரவாதச் சீட்டும் இல்லாமல் பாகம் வாங்கலாகாது. ஏமாற்றப்பட்டவர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்கு அங்கே கட்டணம் இல்லை. பில் இல்லாதவரின் வழக்கு மட்டும் நிற்பது கடினம்.

மாதனூர் விவசாயி இப்பொழுது தம் வண்டிப் பெட்டியில் மல்டிமீட்டர் ஒன்றை வைத்துள்ளார். அதன் விலை சில நூறு ரூபாயே. அவ்வூரில் வேறு எவருடைய வண்டி நின்றாலும் அவரையே முதலில் அழைக்கின்றனர். ஊருக்கு ஒரு மல்டிமீட்டரும், அதனைப் பயன்படுத்தத் தெரிந்த ஓர் இளைஞரும் இருப்பின், காலைக் கூலியை வழியில் இழக்கும் பெண்களின் தொகை குறையும். இதனை ஊராட்சிகள் தம் அடுத்த கூட்டத்தில் எண்ணிப் பார்ப்பார்களாக.